அவள் சிரித்த எட்டு மாதங்கள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. காகிதத்தை நாலாக மடித்து அடியில் வையுங்கள், ஆட்டம் நின்றுவிடும். எதையும் ஆடவிட்டுப் பழக்கமில்லாதவன் நான். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மேற்பார்வையாளன். எந்த இணைப்பைக் கொடுப்பது, எதைத் துண்டிப்பது என்பதுதான் என் வேலை.

மகள் புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். அவள் கணவனோடு வெளிநாட்டில் இருப்பதாகவே ஊரில் சொல்லி வைத்தேன். எங்கள் குடும்பத்தில் வாழாவெட்டி என்று யாரும் இருந்ததில்லை. மாடி அறையைக் கொடுத்தேன். தெருப் பக்க ஜன்னலை மட்டும் ஆணியடித்து மூடினேன்.

முதல் மாதம் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து அழுதாள். கூடப் படித்தவர்களின் கல்யாண நாள் படங்கள், "உன் வீட்டுக்காரர் எங்கடி?" என்ற கேள்விகள்.

"கொடும்மா," என்றேன். "யார் வேணும்னு நீ சொல்லு. மத்தவங்களை நான் வெட்டி விடறேன்."

நானூறு பேர் ஒன்பது பேரானார்கள். அவள் முகம் தெளிந்தது. யாரை உள்ளே விடுவது என்பது நம் கையில் இருந்தால் அதில் ஒரு சுகம் இருக்கிறது, ஐயா. அவளே சொன்னாள்: "இப்பதாம்பா இதைத் திறக்கவே பிடிக்குது."

சிம்மை எடுத்துவிட்டேன். வீட்டு வைஃபை போதும், கடவுச்சொல் என்னிடம்.

ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, வீட்டுக்கே வருவதாக எழுதினாள். மகள் தூங்கியதும் கைப்பேசியை எடுத்து அந்தத் தோழியையும் வெட்டிவிட்டு, அதே பெயரில், அதே படத்தோடு நானே ஒரு கணக்கைத் தொடங்கினேன். மகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் ஒன்பது பேரும் நானே.

சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவேன். பள்ளித் தோழி ஒருத்தி, நர்ஸ், மகளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவாள். நானும் அப்படியே எழுதினேன்: "என்னடி குண்டூசி, சாப்பிட்டியா, இல்ல காத்துல பறந்துட்டியா?" மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். எட்டு மாதம் கேட்டது. அவள் அம்மா இருந்த காலத்தில்கூட அந்த வீடு அப்படிச் சிரித்ததில்லை.

"அப்பா வெளியே பூட்டறாருடி" என்று ஒருநாள் தோழிக்கு எழுதினாள். "பெத்தவர் யோசிச்சுத்தான் செய்வாரு, பொறுத்துக்கோ" என்று பதில் போட்டேன்.

பிறகு வயிற்றுவலி வந்தது. வலது பக்கம், காய்ச்சலோடு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். வெளிநாட்டில் இருப்பவள் இங்கே எப்படி என்று தெருவே கேட்குமே.

"உன் தோழி நர்ஸுதானேம்மா, அவளைக் கேளேன்," என்றேன்.

கேட்டாள். "வாயுப் பிடிப்புடி, சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு." நான்கு நாளும் அதையே எழுதினேன்.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு செய்தி வந்தது: "நீ ஒருத்திதாண்டி கடைசி வரைக்கும் என்கூட இருந்தே." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அதன்பிறகு மாடியில் சத்தமில்லை.

மாதக்கணக்கில் மகளோடு தொடர்பே கிடைக்காமல், அந்த நிஜ நர்ஸ் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் தடுக்கவில்லை. சாவியை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வழக்கு முடிந்ததும் என் கைப்பேசியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் செய்தியை அவள் எனக்குத்தான் அனுப்பினாள்.