பெருமதிப்பிற்குரிய டைகர் அவர்களுக்கு

— தொள்ளாயிரத்து அறுபது லெட்டர், கம்பவுண்டரம்மா! அத்தனையும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போயிருக்கு!

— அதுல நாய் நூத்தி இருபது தம்பி. அதையும் சொல்லுங்க.

— சிரிக்காதீங்க. ஓட்டுப் போட ஒம்போது நாள்தான் இருக்கு. நிக்கிறது எங்கக்கா புருஷன், ஆபீஸைப் பாத்துக்கறது நான். இது யார் தலையில வந்து விடியும்?

— நான் என்ன பண்ணேன்? டாக்டர் இல்லாம மாட்டாஸ்பத்திரியைப் பூட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. ரிட்டயர் ஆனப்புறமும் நானே வீடு வீடா ஊசி போட்டுக்கிட்டு அலையறேன். இதால எத்தனை வீடு தவிக்குது பாருங்கன்னு லிஸ்ட் குடுத்தேன். நீங்க அதைப் பாத்து லெட்டர் போட்டீங்க.

— 'கோமளா, வயசு ஆறு'ன்னு இருந்தா டைப்பிஸ்ட் என்ன நெனைப்பான்? சைபர் விட்டுப் போச்சுன்னு அறுபதாக்கிட்டான்.

— எடைன்னு ஒரு கட்டம் இருந்துச்சே. முன்னூத்தி எண்பது கிலோ.

— 'பாவம், தைராய்டு போல'ன்னு சொன்னான்.

— பிரசவம் மூணுன்னும் போட்டிருந்தேன்.

— அதுக்குத்தான் 'தங்கள் மூன்று செல்வங்களும் நலம்தானே?'ன்னு தனியா ஒரு வரி சேத்தோம்.

— அந்த வரி நல்லா இருந்துச்சு தம்பி. கோமளாவை வளக்கறவரு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, உரக்கப் படிச்சுக் காட்டினாரு. கோமளாவும் அசை போட்டுக்கிட்டே கேட்டுச்சு.

— ஐயோ.

— ஆமா, டைகருக்கு மட்டும் ஏன் 'பெருமதிப்பிற்குரிய'?

— அதைக் கேக்காதீங்க. அந்தப் பேரைப் பாத்ததும் ஏரியா தாதான்னு நெனச்சுட்டோம். 'தங்கள் தயவு என்றும் வேண்டும்'னு மாமாவே தன் கையால பேனாவுல எழுதினாரு.

— டைகர் ஒண்ணும் பண்ணாது. பதினாலு வயசாகுது. வாயில பல்லே கெடையாது.

— சத்தம் கேக்குது. மாமா வர்றாரு. நீங்க வாயைத் தெறக்காதீங்க, நான் பாத்துக்கறேன்.

— எங்கே அந்த அறிவுக்கொழுந்து? முப்பது ஆண்டுப் பொதுவாழ்க்கை, மச்சான்! மாற்றார் ஒருவரும் என் முகத்தில் கரி பூசியதில்லை. என் வீட்டுக்குப் பெண் கொடுத்தவன் பூசிவிட்டான்! தெருவிலே நான் நடந்தால் 'ம்மா'ன்னு கத்தறாங்கய்யா!

— கத்தினது மாடுதான் மாமா. நானும் கூட வந்தேனே.

— வணக்கம் ஐயா.

— யார் இந்தத் தாய்?

— லிஸ்ட் குடுத்த கம்பவுண்டருங்க. ஒண்ணு சொல்லிடறேன். ஜனங்க உங்க மேல கோவமா இல்ல. நேத்து முழுக்க தெருத்தெருவா போய்ப் பாத்தேன். உங்க லெட்டரைக் கொட்டாய்ல ஒட்டி வெச்சிருக்காங்க.

— ஒட்டியா?

— மாட்டுக்கு எட்டாத உயரத்துல. 'எனக்குத்தான் இதுவரைக்கும் யாரும் ஒரு வரி எழுதல, என் எருமைக்காவது எழுதினாங்களே'ன்னு சந்தோஷப்படறாங்க.

— மச்சான்.

— சொல்லுங்க மாமா.

— வாயில்லா ஜீவனுக்கும் மடல் வரைய வேண்டும் என்று நான் அன்றே சொன்னேனா, இல்லையா?

— என்னைக்கு மாமா?

— அன்றே.

— ஆமா மாமா, சொன்னீங்க.

— வரலாறு பேசும்! ஒரு பசுவுக்கு மடல் எழுதிய முதல் தலைவன்! நாளைக் கூட்டத்தில் மேடையேற்று ஒரு பசுவை. வெள்ளையாய், லட்சணமாய். நானே என் கையால் மாலை சூட்டுவேன்.

— மாலையைத் தின்னுடும் ஐயா.

— காகித மாலை.

— அதையும் தின்னும். மேடை விரிப்பையும் தின்னும். அப்புறம் மேடையிலயே மத்ததும் நடக்கும்.

— அப்ப பசுவோட படம் போதும் மச்சான்.

— ஒரு லெட்டர் மட்டும் ஒட்டலைங்க. மைனான்னு ஒரு பசுவுக்கு வந்தது. மடிச்சுப் பொட்டிக்குள்ள வெச்சுட்டாங்க.

— ஏன், அதில் என்ன குற்றம் கண்டார்கள்?

— போன மாசம் மைனாவுக்கு வலி எடுத்துச்சு, கன்னு குறுக்க நின்னுக்கிச்சு. பக்கத்து ஊர் டாக்டர் வந்து சேர ஏழு மணி நேரம். நான் கையை விட்டுத் திருப்பிப் பாத்தேன், முடியல. தாயும் போச்சு, கன்னும் போச்சு. அந்த வீட்டுல உலை கொதிச்சதே மைனாவாலதான். பேரை லிஸ்ட்ல இருந்து அடிக்க எனக்குக் கை வரல.

— அடடா, நெஞ்சு கனக்கிறது. அஞ்சலிக் கூட்டம் போட்டா எத்தனை பேர் வருவாங்க?

— டாக்டர் ஒருத்தர் வந்தாப் போதும் ஐயா.

— ம்.

— லெட்டர்ல நீங்களே எழுதியிருக்கீங்க, 'தங்கள் குறை எதுவாயினும் என்னிடம் கூறுங்கள்'னு. அவங்க கூறிட்டாங்க. இந்தாங்க. ஜெயிச்ச அறுபது நாளுக்குள்ள ஆஸ்பத்திரியைத் தெறந்து டாக்டரைப் போடுவேன்னு ஒரே ஒரு வரி. கையெழுத்துப் போடாதவருக்கு ஓட்டு இல்லன்னு வீட்டுக்கு வீடு உக்காந்து பேசி முடிவு பண்ணியாச்சு.

— மச்சான், எவ்வளவு தேறும்?

— வீடு அறுநூத்திச் சொச்சம் மாமா. வீட்டுக்கு மூணு ஓட்டு வெச்சுக்குங்க. போன தடவை நீங்க தோத்தது முன்னூத்திப் பன்னெண்டுல.

— அதை ஏன்யா இப்ப ஞாபகப்படுத்தற? தாயே, இந்த வாயில்லா ஜீவன்களுக்காக என் மூச்சையே காணிக்கையாக்கியவன் நான். ஆனால் அறுபது நாள் என்பது... 'விரைவில்' என்று போட்டுக்கொள்வோமே?

— மைனாவுக்கு வலி எடுத்தப்போ போன்ல 'விரைவில்'னுதாங்க சொன்னாங்க.

— மாமா, போட்டுடுங்க. முன்னூத்திப் பன்னெண்டு.

— பேனாவைக் கொடு.

— தேதியும் ஐயா. பக்கத்துல.

— போட்டாச்சு! வரலாறு பேசும்! இனிமே அந்த எதிரணிக்காரன் இந்த அறுநூறு வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்க முடியுமா?

— அவரும் காலையிலயே போட்டுட்டாருங்களே. இதோ பாருங்க, பச்சை மையில.

— என்னது?

— அவரும் முந்தாநாள் எல்லாருக்கும் லெட்டர் அனுப்பியிருக்காருங்க. கோமளாவுக்குச் சேலை எடுத்துத் தர்றேன்னாரு. டைகருக்கு வட்டச் செயலாளர் பதவி தர்றேன்னு எழுதியிருக்காரு.

— அப்ப எவன் ஜெயிச்சாலும் டாக்டர் வந்துடுவாரு. எனக்கு இதுல என்னதான் லாபம் மச்சான்?

— இருங்க மாமா. கம்பவுண்டரம்மா, அந்த ஆபீஸ் டைப்பிஸ்ட்டும் இதே தப்பைப் பண்ணானா?

— டைப்பிஸ்ட்டுங்க மேல தப்பே இல்ல தம்பி. ரெண்டு வருஷமா ஆளுங்க பேரைப் போட்டுப் பதினோரு மனு குடுத்தேன், ஒண்ணுக்கும் பதில் வரல. அதான் இந்தத் தடவை, வளக்கறவங்க பேர் இருந்த பக்கத்தை உங்க ரெண்டு ஆபீஸுக்குமே நான் குடுக்கல.