முதலில் பதில் சொல்பவள்

எனக்கு செல்போன் என்றாலே ஆகாது. சாப்பிடும்போது அதை நோண்டுகிறவர்களைப் பார்த்தால் எழுந்து போய்விடலாம் போலிருக்கும். நீங்கள் என்னை வேறு மாதிரி ஆள் என்று நினைத்துவிடுவீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வெளிநாட்டு மொழி சொல்லிக்கொடுக்கிறவன். மாடியில் ஒரே அறை, கீழே சலவைக்கடை. வருகிறவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் ஃபோனில் ஒரு குழு ஆரம்பித்தேன். அன்றன்றைய பாடத்தை வாயால் சொல்லி, பதிவு செய்து அதில் போட வேண்டும். ஒருவரும் போடவில்லை.

எனவே நானே ஒரு மாணவியை உண்டாக்கினேன். பழைய ஃபோன், புது சிம், முகப்புப் படத்துக்கு ஒரு புறா, குரலுக்கு ஒரு செயலி. நேரில் வர முடியாமல் ஃபோனிலேயே படிக்கிறாள் என்று வகுப்பில் சொல்லிவைத்தேன். எல்லோருக்கும் முன்னால் பதில் போடுவாள், தப்பே வராது. அப்புறம் பார்க்க வேண்டுமே, பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜன்னலோரம் உட்காரும் பெண் மட்டும் பேசுவாள், அழிப்பாள், மறுபடி பேசுவாள். ஃபோன் கையை விட்டு இறங்கவே இல்லை. நகமெல்லாம் கடித்துத் தின்றுவிட்டாள். அவளுடைய அம்மா வகுப்புக்கே வந்துவிட்டார்.

"சோறு தண்ணி இல்லாம அதையே பாத்துட்டிருக்கா சார். ஃபோனைப் பிடுங்கி வெச்சிடட்டுமா?"

"அவசரப்படாதீங்கம்மா. இப்பதான் வாயைத் திறக்கிறா. கெடுத்துடாதீங்க" என்றேன். நம்பிப் போனார்.

பிறகு அந்தப் பெண் புறாவுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தாள். 'நீ தப்பே பண்ண மாட்டியா? எனக்குப் பேச ஆரம்பிச்சாலே நெஞ்சு படபடங்குது. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.' படித்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. நல்ல வாய்ப்பு என்றும் தோன்றியது. 'பண்ண மாட்டேன். நீயும் பண்ணாதே' என்று பதில் போட்டேன்.

பேச்சுத் தேர்வன்று அவள் தேர்வறை வாசலில் நின்றாள், கூடத்தின் மறுகோடியில் நானும் நின்றிருந்தேன். இரண்டு கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, 'பயமா இருக்கு, ஏதாவது சொல்லேன்' என்று புறாவுக்கு எழுதினாள். கொஞ்சம் ரோஷம் வந்தால் நன்றாகப் பேசுவாள் என்று கணக்குப் போட்டேன். 'உன்னைப் போய் தோழின்னு சொல்லிக்க வெட்கமா இருக்கு' என்று அனுப்பினேன். அதை அவள் படிப்பதை அங்கிருந்தே பார்த்தேன். உள்ளே போனாள். உதடு அசைந்ததாம், சத்தம் வரவில்லையாம்.

அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. வீட்டில் அம்மாவிடம்கூட இல்லை. தொண்டையில் கோளாறு எதுவுமில்லை என்று டாக்டர் சொன்னார். அம்மா ஃபோனைப் பிடுங்கி ஒளித்து வைத்தும் பார்த்திருக்கிறார். பெண் சத்தமே இல்லாமல் அழுததைப் பார்க்கச் சகிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் இப்போது ஒரே ஓர் ஆளுக்குத்தான் எழுதுகிறாள். நானும் உடனுக்குடன் பதில் போட்டுவிடுகிறேன். காக்க வைத்தால் துடித்துப்போவாள், நீங்களே சொல்லுங்கள், அது பாவமில்லையா? எழுத்தில் எவ்வளவு தேறிவிட்டாள் தெரியுமா? என்னிடம் படித்தவர்களில் அவள் அளவுக்கு யாரும் வந்ததில்லை.

நேற்று, 'அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?' என்று கேட்டிருந்தாள்.

'இப்ப வேண்டாம், தப்பு வரும்' என்று எழுதினேன். அரைகுறையாகப் பேசுவதற்கு நான் எந்தப் பிள்ளையையும் விட்டதில்லை.