காரணம் கேட்காத முப்பத்தொன்பது பேர்

அவைக்கு அச்சாணியாய் அமர்ந்து, என் கைக்கடிகாரத்தைவிடக் கண்டிப்பாக என்னைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் மன்றத் தலைவர் டாக்டர் மகாதேவன் அவர்களே! மகனை நீச்சலிலும் மகளை நாட்டியத்திலும் இறக்கிவிட்டு, இடையில் மிஞ்சிய இரண்டு மணி நேரத்தைத் தமிழுக்குத் தாரை வார்த்திருக்கும் தாய்மார்களே! பார்சிப்பனியிலிருந்து பனிக்காற்றைப் பாராமல் புறப்பட்டு வந்திருக்கும் பெரியோர்களே! ஜெர்சி சிட்டியிலிருந்து இரண்டு ரயில் மாறி இங்கே எடிசனுக்கு வந்திருக்கும் இளைஞர்களே! முன்வரிசையில் அமர்ந்து, முகவாயில் கை வைத்து, 'இவன் எப்போ முடிப்பான்' என்று இப்போதே எண்ணத் தொடங்கிவிட்ட என் அன்புக்குரிய கிட்டுசாமி அங்கிள் அவர்களே! சமையலறையில் சாம்பாரைச் சூடாக்கிக்கொண்டே ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருக்கும் ஜலஜா ஆண்ட்டி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மீரான் மைதீனின் மனமார்ந்த வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குத் தரப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம். தரப்பட்ட தலைப்பு, 'இணைய விளையாட்டு ஒரு நேரக் கொள்ளை'. கவனியுங்கள், தலைப்பில் கேள்விக்குறி இல்லை. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மீரான், பசங்க கம்ப்யூட்டர் முன்னாடியே கெடக்குறாங்க. மேடையில ஏறி நல்லா கிழிச்சு எடுங்க" என்றார். "கிழிச்சுடுறேன் டாக்டர்" என்று நானும் வீராவேசமாகச் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, தொலைபேசியை வைத்ததும் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. கிழிக்கப் போகிறவனுக்கு எதைக் கிழிக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? அந்த விளையாட்டு எப்படி இருக்கும்? அதற்குள்ளே யார் இருக்கிறார்கள்? அத்தனை மணி நேரம் அங்கே என்னதான் செய்கிறார்கள்? இதையெல்லாம் அறிய நான் நூலகத்துக்குப் போகவில்லை. என் வீட்டு வரவேற்பறைக்குப் போனேன். அங்கே, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் ஒருவர். என் மனைவி சாலிஹா.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். சாலிஹா மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். இரண்டே நிபந்தனை விதித்தாள். நேரத்தைத் தாண்டக் கூடாது. உள்ளதைக் கூட்டிச் சொல்லக் கூடாது. முதலாவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், இரண்டாவது ஒரு மேடைப்பேச்சாளனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்கே தெரியும்.

யார் இந்த சாலிஹா? திருநெல்வேலியில் ஒரு பெரிய மருத்துவமனை. அதில் பதினோரு ஆபரேஷன் தியேட்டர். எந்த அறுவை எந்த மணிக்கு, எந்த மருத்துவர் எந்த அறைக்கு, எவ்வளவு இரத்தம், எத்தனை தாதியர் என்று அத்தனைக்கும் அட்டவணை போட்டவள் இவள். அங்கே இவள் கையெழுத்து இல்லாமல் ஒரு கட்டில்கூட நகராது. கல்யாணம் முடிந்து 2003-இல் இங்கே வந்தாள். என் எச்-1 விசாவோடு ஒட்டிக்கொண்டு வரும் எச்-4 விசா அவளுக்கு. அந்த விசா என்ன சொல்கிறது? வரலாம், வசிக்கலாம், கடைக்குப் போகலாம், கார் ஓட்டலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது.

பதினோரு தியேட்டரைக் கட்டி ஆண்டவள், ஒரு படுக்கையறை வாடகை வீட்டில் மூன்று வருடம். நான் காலை ஏழு மணிக்கு ரயிலைப் பிடிப்பேன். இரவு சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவேன். திரும்பியதும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பேன். என்ன கேள்வி? தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். ஆங், அதேதான். "இன்னைக்கு என்ன சமையல்?" மூன்று வருடம், வேறு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

இந்த வருடம், 2006-இல், நோன்பு தொடங்கிய வாரம் சாலிஹா சொன்னாள். "ஏங்க, பெருநாள் முடிஞ்சதும் ஊருக்கு எனக்கு டிக்கெட் போடுங்க. ஆஸ்பத்திரியில மறுபடி கூப்பிடுறாங்க. ஒரு வருஷம் போய் வேலை பாக்கணும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்? "ஏன்? இங்க உனக்கு என்ன குறைச்சல்?" என்றேன். அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் எனக்குள் அந்த ஆவல் பற்றிக்கொண்டது. கட்டியவனோடு பேசாத பெண், அந்தப் பெட்டிக்குள் யாரோடு பேசுகிறாள்? தலைவர் கொடுத்த தலைப்பும் கையில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன, உளவு பாக்க வந்தீங்களா?" என்றாள். "ஆராய்ச்சி" என்றேன். "ஆராய்ச்சின்னா வாயை மூடிட்டுப் பாருங்க" என்றாள்.

கண்டேன் ஐயா, கண்டேன்! திரையிலே ஒரு குகை. குகைக்குள்ளே ஒரு நாகம். நாகமென்றால் நம்மூர் நல்லபாம்பு அல்ல. நான்கு மாடி உயரம், நெருப்பைக் கக்கும் நெடுவாய்! அதை எதிர்த்து நாற்பது பேர். நாற்பதும் பொம்மைகள், ஆனால் ஒவ்வொரு பொம்மைக்கும் பின்னால் ஓர் உயிருள்ள மனிதர், அவரவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இந்த நாற்பது பேர் சேர்ந்த சங்கத்துக்குக் கில்டு என்று பெயர். நாற்பது பேரும் சேர்ந்து போய் அடிப்பதற்கு ரெய்டு என்று பெயர். ரெய்டு என்றதும் நான் வருமான வரிக்காரர்களை நினைத்துப் பயந்துவிட்டேன்!

"ஏன் நாற்பது பேர்?" என்று கேட்டேன். "முப்பத்தொன்பது பேர் போனா செத்துருவோம்" என்றாள். முன்னே நின்று அடி வாங்க ஒரு கூட்டம், பின்னே நின்று அடிக்க ஒரு கூட்டம், அடிபட்டவர்களுக்கு உயிர் கொடுக்க வைத்தியர் கூட்டம். சாலிஹா வைத்தியர், அதோடு முழுப் படைக்கும் தளபதி. "யார் இவங்கெல்லாம்?" என்று கேட்டேன். ஓஹாயோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர். டெக்சாஸில் இதய மருத்துவம் படிக்கிறவர் ஒருவர். கலிபோர்னியாவில் மளிகைக் கடைக்காரர். நம் பார்சிப்பனியில் கிறிஸ்டோ, நாகர்கோவில் பையன், இன்சூரன்ஸ் கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவன். முன்னே நின்று முதல் அடியை வாங்குகிறவன் அவன்தான். என் மனைவி ஆங்கிலத்தில் ஓர் ஆணை இடுகிறாள். நாற்பது பேரும் நகர்கிறார்கள். வீட்டில் நான் சொன்னால் அந்த டிவி ரிமோட்கூட நகராது, ஐயா!

ஆனால் என்னை அசர வைத்தது ஆணை அல்ல. நடுவிலே யாரோ "ஒன் மினிட்" என்றார்கள். அவ்வளவுதான். நாற்பது பேரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். ஏன், என்ன, யாருக்கு என்ன ஆச்சு என்று ஒரு குரல்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார், ஆட்டம் தொடர்ந்தது. "எதுக்குப் போனாரு?" என்றேன். "தெரியாது. கேக்க மாட்டோம்" என்றாள். "ஏன் கேக்க மாட்டீங்க?" என்றேன்.

"நான் போட்ட ரூல் அது. தியேட்டர்ல டாக்டர் 'நில்லுங்க'ன்னு சொன்னா யாராவது ஏன்னு கேப்போமா? ஒருத்தருக்குத் தேவைன்னா தேவைதான். காரணம் கேக்கக் கூடாது, காத்திருக்கணும்" என்றாள்.

அந்த மாதம் ஒரு பெரிய போட்டி வைத்திருந்தார்கள். ஏழு கில்டுகள். ஒவ்வொரு கில்டுக்கும் அதே மாதிரி ஒரு குகை, அதே மாதிரி ஒரு நாகம். ஒரே நேரத்தில் உள்ளே நுழைய வேண்டும். முதலில் நாகத்தை வீழ்த்துகிறவர்களுக்கு வெற்றி. இந்தப் போட்டியை ஏற்பாடு செய்தது யார்? சாட்சாத் இதே சாலிஹா. எட்டு வாரம் உழைத்தாள். மருத்துவரின் டூட்டி, பேருந்துக்காரரின் ஷிஃப்ட், ஒருவருக்குத் தேவாலயப் பாடல் பயிற்சி, ஒருவருக்குக் குழந்தையின் பிறந்தநாள், எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி, இருநூற்று எண்பது பேருக்கும் ஒத்துவரும் இரண்டே மணி நேரத்தைத் தோண்டி எடுத்தாள். அக்டோபர் 14, சனிக்கிழமை. நம் மன்றத்தில் எட்டுப் பேர் கூடும் செயற்குழுவுக்கு நாள் குறிக்க நாம் படும் பாட்டைத் தலைவர் அறிவார். தலைவர் தலையாட்டுகிறார், பாருங்கள்!

போட்டி நாளும் வந்தது. நியூஜெர்சி நேரம் மாலை ஐந்துக்குப் போர் தொடங்கியது. ஒரு மணி நேரம் காவல் பூதங்களோடு கடும் சண்டை. பிறகு நாகம். சாலிஹாவின் படைதான் முதலில் நாகத்தை அடைந்தது. நாகத்தின் உயிர் குறைகிறது. ஐம்பது சதவீதம். முப்பது. இருபது. நான் நோட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன். அடுப்பில் நோன்புக் கஞ்சி அடிபிடிக்கும் வாசனை வருகிறது; யாருக்கு வேண்டும் கஞ்சி? பதினைந்து! பன்னிரண்டு!

பன்னிரண்டு சதவீதத்தில், எங்கள் அலமாரியில் இருந்த பாங்குக் கடிகாரம் 'அல்லாஹு அக்பர்' என்று குரலெடுத்தது. மணி ஆறு இருபது. நோன்பு திறக்கும் நேரம்!

எப்படித் தவறியது? பதினோரு தியேட்டருக்கு அட்டவணை போட்டவள் எங்கே தவறினாள்? அந்த விளையாட்டின் கடிகாரம் கலிபோர்னியா நேரத்தில் ஓடுவது. எட்டு வாரமாக அவள் அந்த நேரத்திலேதான் எழுதினாள். போட்டி இரண்டு முதல் நான்கு வரை. அதே பட்டியலில், நம் பள்ளிவாசல் அச்சடித்துக் கொடுத்த தாளைப் பார்த்து, நோன்பு திறப்பு 6:20 என்று எடிசன் நேரத்தை அப்படியே எழுதிவிட்டாள். நான்கு மணிக்கு முடியும் போட்டிக்கும் 6:20-க்கும் நடுவில் நிறைய இடைவெளி இருப்பதாகத் தாளில் தெரிந்தது. எல்லோருடைய நேரத்தையும் மாற்றி எழுதியவள், தன்னுடையதை மாற்ற மறந்துவிட்டாள். போர் வெறியில் அன்றைக்கு எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை.

அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனால் கை நிற்கவில்லை. மைக்கில் பாங்கு ஒலி எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. கிறிஸ்டோவின் குரல் தமிழில் வந்தது.

"அக்கா, பாங்கு சொல்லுது. நோன்பு தொறக்கலையா?"

"தப்பு என்னுது, கிறிஸ்டோ. நான் அப்புறம் தொறந்துக்கிறேன். பன்னெண்டு பர்சென்ட்தான் இருக்கு, அடிங்க!"

"ஒன் மினிட்!" என்றான் கிறிஸ்டோ. ஆங்கிலத்தில், நாற்பது பேருக்கும் கேட்கும்படி.

"கிறிஸ்டோ, வேணாம்! வெளிய வந்தா நாகம் திரும்ப நூறாயிடும். இத்தனை வாரம் உழைச்சது போயிடும்!"

"காரணம் கேக்கக் கூடாது, காத்திருக்கணும். ரூல் போட்டது நீங்கதானேக்கா?"

ஓஹாயோப் பேருந்துக்காரருக்குப் பாங்கு என்றால் என்னவென்று தெரியாது. நோன்பு என்றால் தெரியாது. சாலிஹா கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. "எவ்ரிபடி அவுட்" என்றார். என் கண்ணால் பார்த்தேன், ஐயா. வெற்றிக்குப் பன்னிரண்டு சதவீதம் இருக்கும்போது, முப்பத்தொன்பது பேர் ஒருவர் பின் ஒருவராகக் குகையை விட்டு வெளியே நடந்தார்கள். அவளையும் அழைத்துக்கொண்டு நடந்தார்கள். நாகம் மறுபடி நூறு சதவீதமாய் நிமிர்ந்து நின்றது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

நான் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவள் வாயில் வைத்தேன். அவள் அழுதுகொண்டே மென்றாள். தண்ணீர் குடித்து, தொழுது முடித்து வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அத்தனை நிமிடமும் அவர்கள் குகை வாசலில் நின்றிருந்தார்கள். பிறகு முதலிலிருந்து தொடங்கி நாகத்தை வீழ்த்தினார்கள்.

ஜெயித்தார்களா? அதுதானே கேட்கிறீர்கள், கிட்டுசாமி அங்கிள்? இல்லை. நான்கு நிமிட வித்தியாசத்தில் வேறொரு கில்டு முந்திவிட்டது. கூட்டிச் சொல்லக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறதே!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முகம் தெரியாத முப்பத்தொன்பது பேரிடம் அவள் ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை, அவர்களே கொடுத்தார்கள். கட்டிய கணவனிடம் ஒரு வருடம் கேட்டாள். நான் என்ன கேட்டேன்? 'ஏன்' என்று கேட்டேன். 'என்ன குறைச்சல்' என்று கேட்டேன். வெட்கமாக இருந்தது, ஐயா. இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தலைவர் அவர்களே! தாங்கள் தந்த தலைப்பு தவறில்லை. நேரக் கொள்ளை நடந்தது உண்மை. மூன்று வருடம், முழுசாக மூன்று வருடம், ஒரு பெண்ணின் நேரம் கொள்ளை போனது உண்மை. ஆனால் கொள்ளையடித்தது விளையாட்டா? விளையாட்டு அவளுக்கு முப்பத்தொன்பது பேரைக் கொடுத்தது. வேலையைக் கொடுத்தது. மரியாதையைக் கொடுத்தது. கொள்ளையடித்தவன் உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பெருநாளுக்கு மறுநாள் டிக்கெட் போட்டேன். டிசம்பர் 9, நெவார்க்கிலிருந்து. ஆம், சாலிஹா போகிறாள். என்ன சொல்கிறீர்கள், அங்கிள்? "நீயும் கூடப் போகவேண்டியதுதானே?" என்கிறீர்களா? என் கிரீன் கார்டு பாதியில் நிற்கிறது. இப்போது என்னால் நகர முடியாது. அது என் பாடு. அதற்காக அவளை நான் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா?

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் திரைக்கு முன்னால் இருக்கிறார். மகனோ, மகளோ, மனைவியோ. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவர்களாகக்கூட இருக்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும் கத்தாதீர்கள். கம்பியைப் பிடுங்காதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நாகம் எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள்! பிறகு வந்து கிழியுங்கள், நானும் கூட நின்று கிழிக்கிறேன்!

கிழிக்கச் சொல்லி அழைத்து, தைத்துக்கொண்டு நிற்பவனைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. பாங்குச் சத்தம் கேட்டதும் நாகத்தை விட்டுவிட்டு வந்த கிறிஸ்டோ பின்வரிசையில் இருக்கிறான்; தம்பி, உனக்கு நன்றி. சாம்பார் ஆறாமல் காத்த ஜலஜா ஆண்ட்டிக்கும், கொட்டாவியை மறைத்துக்கொண்ட கிட்டுசாமி அங்கிளுக்கும், கேட்ட காதுகள் அனைத்துக்கும் நன்றி.

மூன்றாவது வரிசையில் சாலிஹா ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறாள். ஒரு நிமிடம் என்கிறாளா, ஒரு வருடம் என்கிறாளா, இங்கிருந்து தெரியவில்லை. எதுவானாலும் சரி, சாலிஹா. காரணம் கேட்க மாட்டேன். காத்திருக்கிறேன். அனைவருக்கும் வணக்கம்.