சத்தம் குறைக்க ஒரு பெட்டி

காப்பி ஆறிவிடும் மச்சான், முதலில் குடியுங்கள். சீனி கொஞ்சம் கூடியிருக்கும். வடிவு உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நானேதான் போட்டுக்கொள்கிறேன், இன்னும் கை பழகவில்லை.

டோம்பிவிலியிலிருந்து கூட்டத்தில் நசுங்கி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூருக்கு வந்திருக்கிறீர்கள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டீர்கள், "மாப்பிள, எந்தங்கச்சி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. உம்ம வாயாலதான் கேக்கணும்வே" என்று. நியாயம்தான். கூடப் பிறந்தவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? எனக்குச் சத்தம் ஆகாது. விஷயம் இவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் போன மழைக்காலத்தில் இந்த வீட்டுக்கு வந்தது. டெம்போக்காரன் கதவைத் தட்டி, "ஷண்முகவடிவு மேடம்கா கர் யஹி ஹை?" என்றான். ஆமாம், அவள் வீடுதான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆப் கௌன்?" என்றான், நீங்கள் யார் என்று. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரம்மநாயகம் வீடு எது என்று கேட்டுத்தான் இதுவரை எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

வடிவு வேலை பார்க்கும் மாட்டுங்கா ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு வேறு வேலை ஓயாமல் இருந்ததாம். அதனால் பழையது ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐரோலிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குச் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராம் எழுதுகிறாள் என்பது உங்களுக்கே தெரியும். தாதரில் கம்ப்யூட்டர் வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டதே நீங்கள்தானே. விஜயதசமி கழிந்த திங்கட்கிழமை அதை ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓடினால் ஐரோலியில் திறக்கப்போகிற பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. அதற்கு நான் குறுக்கே நின்றதில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னேனா, அவளிடமே கேளுங்கள்.

ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க்கின் சத்தம் இருக்கிறதே. முதலில் ஒரு சன்னமான ஊளை. அவள் எதையாவது தட்டியதும் தகர டப்பாவை எலி கரண்டுவது போல ஒரு கரகரப்பு. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கரண்டும். நான் ஆபீஸிலிருந்து வந்து பேப்பரைப் பிரிக்கும் நேரம்தான் அதற்கும் நேரம். கரகரப்பு நின்றதும் வடிவு திரையைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்துக்கொள்வாள். "என்னட்டி சிரிக்கே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஓடிட்டு" என்பாள். எது ஓடிற்று என்று எனக்கு விளங்காது.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. விக்ரோலியில் நான் வேலை பார்ப்பது பிரஸ் ஷெட்டை ஒட்டிய டைம் ஆபீஸ். தகடு அடிக்கிற அடியில் மேஜை மேல் டீ கிளாஸ் நகர்ந்து போகும். இந்த ஜன்னலுக்குக் கீழேதான் ரயில் போகிறது. மேல் வீட்டு மிக்ஸி வேறு. இவை என்னை ஒன்றும் செய்வதில்லை. ஒரு மனுஷனுக்கு ஒரு சத்தம் ஆகாது, அதற்கு அவன் என்ன செய்ய முடியும்?

சண்டை போடுகிறவன் நான் இல்லை. தாராவியில் தோல்பெட்டி செய்கிற மேலப்பாளையத்து சிராஜை உங்களுக்கும் தெரியும். அவனிடம் செருப்பு ரப்பர் வாங்கி நாலு துண்டாக வெட்டி எந்திரத்துக்கு அடியில் கொடுத்தேன். கொஞ்சம் குறைந்தது. மேலே பழைய ஜமக்காளத்தை மடித்துப் போட்டேன். சூடாகிறது என்று வடிவு எடுத்துவிட்டாள். அப்புறம்தான் பெட்டி யோசனை. திரை வெளியே இருக்கட்டும், எந்திரத்தை மட்டும் மரப்பெட்டிக்குள் வைத்து, உள்ளே கம்பளி ஒட்டி, முன்பக்கம் கதவு வைத்துவிட்டால்?

சிராஜிடமே சொன்னேன், அருமையாகச் செய்திருந்தான். கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணாச்சி, எந்திரத்துக்கும் மூச்சு வேணும்லா. பின்னால ரெண்டு ஓட்டை விட்டிருக்கேன். அதை மட்டும் அடைச்சிராதிய" என்றான். வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டு முருகம்மாளைக் கூப்பிட்டு, "எங்க வீட்டுல அவுக எனக்காகச் செஞ்சது" என்று காட்டினாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு அவள் வேலை செய்தாள். சத்தம் அநேகமாக இல்லை.

இருந்தும் அவள் சிரித்தாள். நான் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, "வடிவு" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன், கொஞ்சம் உரக்க. அப்புறமும் திரும்பவில்லை. ஓட்டை வழியாகச் சத்தம் வருகிறது, அதனால்தான் நான் கூப்பிடுவது அவளுக்குக் கேட்கவில்லை என்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது மச்சான். ஐரோலிக்குப் போய்விட்டால் எவ்வளவு உரக்கக் கூப்பிட வேண்டியிருக்கும்?

இதற்கு நடுவில் ஃப்ளாப்பி விவரத்தையும் அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எந்திரத்தில் இருப்பதையெல்லாம் வாராவாரம் அந்தக் கறுப்பு அட்டைகளில் எடுத்துவைப்பாள். ஒரு கட்டு வீட்டில், ஒரு கட்டு ஆபீஸ் மேஜையில். ஒன்று போனாலும் மற்றது இருக்குமாம். ஒருநாள் நான் ஒன்றைக் கையில் எடுத்தபோது பதறிவிட்டாள். "இங்க பாருங்க, இந்த நீள ஓட்டைக்குள்ள மினுங்குதுலா? இதுல விரல் பட்டாக்கூடப் போச்சு. எந்திரம் படிக்காது" என்றாள். பொறுமையாகத்தான் சொன்னாள். அவள் எதையும் பொறுமையாகச் சொல்லித்தருவாள்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம் நான் சொன்னேன். "ஏட்டி, உன் வேலை நல்லா முடியணும். ஆபீஸ்ல இருக்க கட்டையும் எடுத்துட்டு வா. எல்லாத்தையும் ஒண்ணாப் பூஜையில வச்சிருவோம்" என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நம் வீடுகளில் படிக்கிற புத்தகத்தையும் தொழில் செய்கிற சாமானையும் வைக்காமல் ஒரு சரஸ்வதி பூஜை உண்டா? மறுநாளே பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாள்.

பூஜையன்று அவள் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். கூடத்து வேலை என்னுடையது. சந்தனம் நானே அரைத்தேன், கெட்டியாக. பெட்டிக்கு மாலை போட்டேன். எந்திரத்தை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினேன். அம்பாள் முன்னால் விளக்கு அணையக் கூடாது இல்லையா, உள்ளே அந்தச் சின்னப் பச்சை விளக்கும் எரியட்டும் என்றுதான். சத்தம் பூஜைக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று பின்னால் இருந்த இரண்டு ஓட்டைகளிலும் மிச்சக் கம்பளியைத் திணித்தேன். பிறகு ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகக் காகித உறையிலிருந்து உருவினேன். உறைக்குப் பொட்டு வைத்து என்ன புண்ணியம், உள்ளே இருப்பதற்கல்லவா வைக்க வேண்டும்? மினுங்குகிற இடத்தில் வைத்தேன். திருப்பி மறுபக்கமும் வைத்தேன். ஈரம் காய்ந்ததும் உறையில் போட்டு, இரண்டு கட்டையும் மணைமேல் அடுக்கினேன்.

பூஜையில் வைத்ததை விஜயதசமிக் காலை வரை தொடக் கூடாது. வடிவு தொடவில்லை. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்லவே முடியாது. கூடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் கையை மட்டும் குவித்துக்கொண்டு போனாள்.

காலையில் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டாள். உள்ளே டக், டக் என்று நாலைந்து தட்டு. பிறகு ஒன்றும் இல்லை. அப்போதும் அவள் கலங்கவில்லை. "போனாப் போவுது, ஃப்ளாப்பி இருக்குலா" என்று மணைக்குப் போனாள். முதல் உறையை உருவினாள். சந்தனம் பொருக்குப் பொருக்காக அவள் மடியில் உதிர்ந்தது. அடுத்ததை உருவினாள். எல்லாவற்றையும் உருவினாள். ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, "இங்கனதான் தொடக் கூடாதுன்னு சொன்னேன்லா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "சாமிக்குன்னு வச்சேன், தெரியாமப் போச்சு" என்றேன். திங்கட்கிழமை வெறுங்கையோடு போய் நின்றாளாம். ஐரோலி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஆபீஸில் கொஞ்ச நாள் லீவில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். உங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இப்பச் சத்தம் இல்லைலா?" என்று கேட்டாள். அது குத்தல் பேச்சு என்றே நான் நினைக்கவில்லை. இல்லை என்று சொன்னேன்.

தெரிந்து செய்தீரா என்று கேட்டால், தெரிந்துதான் செய்தேன். உங்களிடம் எதற்குப் பொய்? ஆனால் வடிவு மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதை அவளிடம் மறக்காமல் சொல்லுங்கள். பெட்டி ஓட்டையிலிருந்து கம்பளியையும் எடுத்துவிட்டேன். எந்திரத்தைத்தான் ஆபீஸ்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனி அவள் தாராளமாக வரலாம். சாயங்காலம் கூப்பிட்டால் கேட்கும்.

என்ன, மணையையே பார்க்கிறீர்கள்? அதை இன்னும் நான் எடுத்துவைக்கவில்லை. சரஸ்வதி படத்தில் பொட்டு இல்லையே என்றுதானே? அது மட்டும் என் பிசகுதான், ஒத்துக்கொள்கிறேன். அரைத்த சந்தனம் ஃப்ளாப்பிகளுக்கே சரியாகப் போய்விட்டது. அம்பாளுக்கு வைக்க மறந்துவிட்டேன்.