நாலாம் நம்பர் வாக்கியம்

மேடையில் அமர்ந்திருக்கும் பொது மேலாளர் அவர்களே, ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அம்மா அவர்களே, வேலை உடுப்போடு சைட்டிலிருந்து நேராக வந்து பின்வரிசையில் நிற்கும் ஃபிட்டர் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் சாரின் மனைவி, எங்கள் அக்கா அவர்களே, அவர் மகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் டிராஃப்ட் சார் போய் இன்றோடு ஆறு நாள்.

என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. நிர்வாகம் தயாரித்த இரங்கல் தீர்மானம். சர்வீஸ் மேற்பார்வையாளர் என்ற முறையில் அதை நான் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன் என்றேன். ஐந்து நிமிடம் தந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அடங்குகிற மனிதரா அவர்?

பத்தொன்பது வருடம் நானும் அவரும் எதிரெதிர் மேசை. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் நம்முடையது. ஒரு லிஃப்ட் சரியானால் தலைமை அலுவலகத்துக்கு நாம் எதுவும் எழுத வேண்டாம். சரியாகாவிட்டால் ஒரு சீட்டு போக வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். அந்தச் சீட்டை எழுதுவதுதான் டிராஃப்ட் சாரின் உத்தியோகம், பெயரும் அதனால் வந்ததுதான். அதாவது, நாங்கள் தோற்றுவிட்டு வருவோம். அவர் அதை இங்கிலீஷில் எழுதுவார்.

எவ்வளவு அழகாக எழுதினார் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் பன்னிரண்டு வாக்கியங்களைத் தட்டச்சு செய்து, நம்பர் போட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். இரண்டாம் நம்பர், 'எஃபர்ட்ஸ் டிட் நாட் யீல்ட் தி டிசையர்டு ரிசல்ட்'. விரும்பிய பலன் கிட்டவில்லையாம். நாலாம் நம்பர், 'டெஸ்பைட் அவர் பெஸ்ட் எஃபர்ட்ஸ்'. எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தும் என்று அர்த்தம். ஏழாம் நம்பர், 'ஆல் அட்டெம்ட்ஸ் ப்ரூவ்டு ஃப்யூட்டைல்'. எடுத்த முயற்சியெல்லாம் வீண். தலைமை அலுவலகத்திலிருந்து போன் போட்டுப் பாராட்டினார்கள். தோற்றதற்குப் பாராட்டு வாங்கிய ஒரே கிளை நாம்தான்.

ஃபிட்டர்களுக்கு இங்கிலீஷ் எதற்கு? நம்பர் போதும். சைட்டிலிருந்து போனில், "சார், இங்க நாலு போட்டுக்கங்க" என்பார்கள். சீட்டு தயார். ஒரு ஃபிட்டர் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் தூங்கிவிட்டு, மனைவி கேட்டதற்கு "நாலு" என்று வாய் தவறிச் சொல்லி மாட்டிக்கொண்டார். அவர் இங்கேதான் நிற்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு அந்த அச்சகம். சரக்கு லிஃப்டின் இரண்டாம் மாடிக் கதவுப் பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்று புகார். நம் ஆள் போனார். லிஃப்டை நிறுத்த வேண்டிய மெஷின் ரூம் பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பு. நம் ஆள் திரும்பி வந்துவிட்டார். போனில் ஏழு என்றார். டிராஃப்ட் சார் ஏழு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். எடுத்த முயற்சியெல்லாம் வீண் என்று படித்த தலைமை அலுவலகம் என்ன நினைக்கும்? இனி அதில் செய்ய ஒன்றுமில்லை என்று, அடுத்த வருடம் மாற்ற வேண்டிய லிஃப்ட் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது. யாரும் மறுபடி போகவில்லை. மூன்று வாரம் கழித்து, காகிதக் கட்டு அடுக்கும் ஒரு பெண் அந்தக் கதவை இழுத்திருக்கிறார். கதவு திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை.

உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு போயிற்று.

டிராஃப்ட் சார் அவரைப் பார்க்கப் போனார். போகாதீர்கள், வம்பு என்று தடுத்தேன். கேட்கவில்லை, நானும் கூடப் போனேன். அந்தப் பெண் திட்டவில்லை. "எத்தன தடவ சரி பண்ணப் பாத்தீங்க சார்?" என்று மட்டும் கேட்டார். நான் பின்னாலிருந்து சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு தடவகூட இல்லம்மா" என்றார்.

மறுநாள் காலை மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அந்தப் பன்னிரண்டு வாக்கியங்களையும் எடுத்துக் கிழித்துப் போட்டார். சீட்டில் மூன்று கட்டம் வரைந்தார். யார் போனது? என்ன செய்தது? செய்யாமல் விட்டது என்ன? அன்றிலிருந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பார். எத்தனை மணிக்குப் போனாய்? எந்த ஸ்குருவைக் கழற்றினாய்? கழற்றவில்லையா, அப்படியே எழுதவா? நிர்வாகத்துக்கும் பிடிக்கவில்லை, எங்களுக்கும் பிடிக்கவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. ஆனால் மாதாமாதம் சீட்டுகள் குறைந்தன. ஏன்? நேற்று ஒரு ஃபிட்டர் சொன்னார்: "மூணாவது கட்டத்துல எழுத வெக்கப்பட்டே பாதி வழியில வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயி வேலைய முடிச்சிருக்கேன் சார்." டிராஃப்ட் சாருக்கு இதைவிடப் பெரிய பட்டம் நான் எதைத் தர முடியும்?

இனி சொல்லப்போவதை இந்த மேடை விரும்பாது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் அலுவலகம் ஐந்தாம் மாடி. நம் லிஃப்ட் நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. லிஃப்ட் கம்பெனிக்காரன் படியேறுகிறான் என்று கீழ்க்கடைக்காரர்கூடக் கிண்டல் செய்தார். முதலில் வாடிக்கையாளர், நம்முடையது பிறகு பார்க்கலாம் என்று மேலிடம் சொன்னது. நானும் தலையாட்டினேன். நம் லிஃப்டுக்கும் சீட்டு எழுத வேண்டுமே? ஒன்பதாம் நாள் காலை அவர் கேட்டார். எனக்கு எரிச்சல். "பழையபடி நாலு போட்டுக்கங்களேன் சார்" என்றேன்.

"நீங்க இன்னும் மெஷின் ரூம் கதவையே தொறக்கலையே. எதப் பாத்து எழுதறது?" என்றார். மூன்று கட்டத்தையும் காலியாகவே விட்டு, சீட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அன்று பதினொன்றே முக்காலுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மேசையிலேயே சாய்ந்தார்.

நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினோம். திருப்பங்களில் நாற்காலி நுழையவில்லை. மூன்றாம் மாடியில் ஒருவருக்குக் கால் இடறியது. நாற்காலியைக் கீழே வைத்தோம், மறுபடி தூக்கினோம். தெருவுக்கு வர இருபத்திரண்டு நிமிடம். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. டாக்டரும் தெரியாது என்றுதான் சொன்னார். இருபத்திரண்டு நிமிடம் என்பது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சாரின் மகள், இந்தப் பெண், என்னிடம், "அப்பாவ எப்பிடி மாமா எறக்குனீங்க? லிஃப்ட் சரியாயிருச்சா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்மா" என்றேன்.

நாலாம் நம்பர். அவருடைய மகளிடமே. அவர் கிழித்துப் போட்டதைப் பொறுக்கியெடுத்து அவர் பிள்ளை முகத்துக்கு நேராக நீட்டினேன்.

மறுநாள் மெஷின் ரூம் கதவைத் திறந்தேன். மின்சாரம் பாயும் ஒரு கான்டாக்டில் தூசி படிந்து கருகியிருந்தது. தேய்த்துத் துடைத்தேன். லிஃப்ட் ஓடியது. மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். ஒன்பது நாளில் எனக்கு முப்பத்தைந்து நிமிடம் இல்லாமலா போயிற்று?

இப்போது இந்தத் தீர்மானம். முதல் வரி என்ன தெரியுமா? 'டெஸ்பைட் தி பெஸ்ட் எஃபர்ட்ஸ் ஆஃப் ஆல் கன்சர்ன்டு'. சம்பந்தப்பட்ட அனைவரும் முடிந்ததையெல்லாம் செய்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையாம். ஐயா, இதை நான் வாசிக்க மாட்டேன். மன்னிக்க வேண்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரியும், இதற்குப் பிறகு என் மேசை எங்கே போகும் என்று. போகட்டும். அது எங்கே இருந்தாலும் மூன்று கட்டம் இல்லாத சீட்டு இனி என் கையெழுத்தோடு போகாது. ஃபிட்டர் தோழர்களே, இனி நம்பர் சொல்லி எனக்குப் போன் போடாதீர்கள். எத்தனை மணி, எந்த ஸ்குரு, எது விட்டுப்போனது, அதைச் சொல்லுங்கள். டிராஃப்ட் சார் இல்லை என்பதற்காகக் கேள்வி நின்றுவிடாது.

அவர் என் பக்கம் தள்ளிவைத்த காலிச் சீட்டை இன்று காலை நிரப்பினேன். அக்கா கேட்க வேண்டும், மகள் கேட்க வேண்டும்; அதனால் தமிழிலேயே எழுதினேன்.

யார் போனது: யாரும் போகவில்லை. என்ன செய்தது: எதுவும் செய்யவில்லை. செய்யாமல் விட்டது: முப்பத்தைந்து நிமிட வேலை, ஒன்பது நாள்.

கீழே என் கையெழுத்து இருக்கிறது. அதன் பக்கத்தில் பொது மேலாளருக்கான இடம் காலியாக இருக்கிறது. சீட்டை உங்கள் முன்னால் வைக்கிறேன், ஐயா. பேனாவையும் வைத்துவிட்டுப் போகிறேன்.