மிஷினுக்குள்ளே ஒரு நாடா

— கெங்கா, அந்தம்மாவை கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. வெளிச்சம் மறைக்குது.

— அய்ய, நாலடி தூரத்துலதான நிக்குது உங்க தங்கச்சி? நீங்களே சொன்னா வாய் வெந்துடுமா?

— தங்கச்சி கிங்கச்சின்னு பேசாத. தையல் மிஷின் ஓடலைன்னு நீ வந்து சொன்னே, பாக்க வந்தேன். எனக்கு மிஷின்கிட்ட மட்டும்தான் பேச்சு.

— அண்ணி, உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, நான் தள்ளி நின்னுட்டேன். மணை போட்டிருக்கேன், உக்காரச் சொல்லுங்க.

— காதுல வுழுந்துச்சா? மணை போட்டுகீதாம்.

— நான் நின்னுகினே பாப்பேன்.

— நில்லுங்க, கால் கடுக்க நில்லுங்க. ஏழு வருஷமா இதே கதை. மைக்கேல்ராஜ் வாத்தியாரைக் கட்டிகினு, மாதா கோயில்ல செல்லியம்மாங்கற பேரை ரோசம்மான்னு மாத்திகினு இது வந்து நின்ன அன்னிக்கு மூடின வாய். தெருவுக்கு இந்தாண்ட இருந்து அந்தாண்ட வர்றதுக்கு ஏழு வருஷம். அதுக்குள்ள ஆரணி ரோடு டேசனுக்கு ரயிலே வந்துட்டுது.

— ஏமே, போதும் நிறுத்து. இது இன்னா, ஒடம்பெல்லாம் தங்கப்பூ? கறுப்பு மேல எம்மாம் பொடிசா போட்டுகீறான் பாரு. நாம நெய்யற சரிகைப் பூ தோத்துது. எங்கருந்து வந்துச்சுன்னு கேளு.

— சீமையில செஞ்சது அண்ணி. மெட்ராஸ்ல ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா ஊருக்குத் திரும்பிப் போறப்ப எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்துட்டுப் போனாங்க. ரயில்ல ஆரணி ரோடு வரைக்கும் வந்து, அங்கருந்து மாட்டு வண்டியில வைக்கோலைச் சுத்திக் கொண்டாந்தோம். கூடவே ஒரு புஸ்தகம். எல்லாம் இங்கிலீஷு. படத்தைப் பாத்துத்தான் நூல் கோத்தேன்.

— படத்தைப் பாத்தே கோத்துட்டுதாமா? ம்... சின்ன வயசுல இருந்தே அப்பிடித்தான். ஒரு வாட்டி பாத்தா கையில வந்துடும்.

— யாருக்குங்க? எந்தம்மாவுக்கு?

— நூலுக்குச் சொன்னேன். நீ வேலையைப் பாரு. இந்தப் பலகை இன்னா இப்பிடி ஆடுது? ஒரு தேங்கா ஓடு இருந்தா ஒடச்சுக் குடு.

— இந்தாங்க.

— தறிக்கால் ஆடினா புடவை கோணிக்கும். இதுவும் அப்பிடித்தான் இருக்கணும். அடியில சில்லு வெச்சாச்சு, இப்ப அசைச்சுப் பாரு. மலையாட்டம் நிக்குதா? சரி சரி, ஆவட்டும். கைப்பிடியைச் சுத்தறேன்... இன்னாமே இது, சுத்தவே வுட மாட்டேங்குது? இன்னா எண்ணெய் ஊத்துனீங்க?

— விளக்கெண்ணெய்.

— யாரு?

— நாந்தாங்க. மூட்டு வலிக்கு நல்லதாச்சேன்னு.

— பேஜார் புடிச்சவளே! அது கோந்து மாதிரி புடிச்சுக்குமே! விளக்குல இருந்து கொஞ்சம் கிஸ்ணாயிலு எடு. பழைய துணி எடு. ஜல்தி, ஜல்தி. இவ்ளோ பெரிய அறிவை எவனோ சீமையில குந்திகினு செஞ்சு அனுப்பிகீறான், இவ அதுக்கு மூட்டு வலி மருந்து ஊத்தறா.

— அண்ணி, பாவம் திட்ட வேணாம்னு சொல்லுங்க. நேரம் ஆவுதேன்னுதான் நானும் சும்மா இருந்துட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாவலைன்னா திங்கக்கிழமை வண்டியில திருப்பி அனுப்பிடறேன்னு எங்க வூட்டுக்காரர் சொல்லிட்டாரு.

— ஞாயித்துக்கிழமை இன்னா?

— தெரியாத மாதிரி கேக்கறாரு பாரு ரோசம்மா. பூசை முடிஞ்சதும் இவங்க பொண்ணு ஆரோக்கியத்துக்குக் காது குத்துறாங்க. அதுக்கு ஒரு பாவாடை தெக்கத்தான் இந்தப் பாடு.

— காது குத்தறது சரி. யார் மடியில வெச்சு?

— ஜெபம் சொல்லிக் குடுக்கற உபதேசியார் மடியில உக்கார வெச்சுக்கலாம்னு இவர் சொல்றாரு அண்ணி. பெரியவர், நல்ல மனுஷர்.

— உபதேசியாரா? அவர் இன்னா அந்தப் புள்ளைக்கு மாமனா?

— கூடப் பொறந்தவன் வாசல்படி மிதிக்காத வூட்டுல உபதேசியார்தான் மாமன், மணி அடிக்கற கோயில்பிள்ளைதான் சித்தப்பன். வேற இன்னா பண்ணும் அது?

— மிஷின் பேச்சைப் பேசு கெங்கா.

— மிஷின் பேச்சுதாங்க பேசறேன். எல்லாம் ஒரே நூல்தானே.

— இப்ப சுத்து சுலுவா வருது. நல்லா ஓடுது. சத்தத்தைக் கேளேன், டக டகன்னு... ஒரு துணி வெச்சு ஓட்டிக் காட்டச் சொல்லு அந்தம்மாவை.

— மல்லுத் துணி வெச்சிருக்கேன் அண்ணி. கண்ணுக்குத் தெரியட்டும்னு மேல செவப்பு நூல், அடியில வெள்ளை நூல். ஓட்டறேன், பாக்கச் சொல்லுங்க.

— அடேங்கப்பா! ஒரு மூச்சு வுடறதுக்குள்ள ஒரு சாண் போயிட்டுது! பஜார்ல ஒக்காந்துகினு கையில தெக்கிறானே அந்தத் தையக்காரன், அவன் ஊசியில நூல் கோக்கவே இந்நேரம் ஆவும். எங்க, துணியைக் குடு பாக்கலாம்... ஹூம். இழுத்தா சர்ருன்னு மொத்தமும் உருவிகினு வந்துடுச்சே!

— அதாங்க கோளாறு. மூணு நாளா இதே மாதிரி வருதாம்.

— இரு இரு. செவப்பு நூலு மேல நேரா படுத்துகினு கீது. வெள்ளை நூலு அடியில இருந்து மேல வந்து எட்டிப் பாக்குது. அப்ப மேல இருக்குறவன் இறுக்கிப் புடிச்சுகீறான், கீழ இருக்குறவன் தளர வுட்டுட்டான். கீழ யாரு கீறான்? இந்தத் தகடு நவுருமான்னு கேளு.

— நவுரும் அண்ணி. பக்கவாட்டுல தள்ளச் சொல்லுங்க.

— தள்ளிட்டேன்... கெங்கா!

— இன்னாங்க? இன்னாச்சு?

— இங்க வா. கிட்ட வந்து பாரு.

— பாக்கறேன். இன்னா அது, படகாட்டம்?

— நாடாமே இது! நாடா! நான் தெனம் தறியில இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு வீசுறனே, அதே நாடா. வெரல் நீளத்துல இரும்புல செஞ்சு உள்ள ஒளிச்சு வெச்சுகீறான். வயித்துக்குள்ள பாரு, நூல் சுத்தின தார் கூட வெச்சுகீறான்! தார் சுத்திப் போடறது உன் வேலையாச்சே, உனக்குத் தெரியலையா?

— அட ஆமா! எம்மாஞ் சின்னத் தாரு! கொழந்தை வெளையாடற மாதிரி!

— நீ கைப்பிடியைச் சுத்து... பாரு, போவுது, வருது. முன்னால ஓடி, பின்னால ஓடி... ஊசி எறங்கி மேல நூலைக் கொஞ்சம் தொளதொளன்னு வுடுது, அந்த எடத்துல நாடா புகுந்து ஓடிடுது. மேல ஒரு நூலு, கீழ ஒரு நூலு, நடுவுல கட்டு. பாவும் ஊடையும்மே! எங்கப்பன் எனக்குக் கத்துக் குடுத்ததை எவனோ தொப்பி போட்டவன் பொட்டியில மடிச்சு வெச்சுகீறான். அவன் எதிர்ல வந்தா கையெடுத்துக் கும்புடுவேன்.

— இவர் யாரையும் இப்பிடிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை ரோசம்மா. கல்யாணத்தன்னிக்கு என்னைப் பாத்து "ம்"முன்னாரு, அவ்ளோதான்.

— அண்ணி, எனக்குச் சிரிப்பு வருது, நான் சிரிக்கலாமான்னு கேளுங்க.

— சிரிக்கட்டும். யார் வேணான்னாங்க? இப்ப இதைக் கவனி கெங்கா. நாடா பக்கத்துல வரிசையா அஞ்சு கண்ணு கீது. நூலு ஒவ்வொரு கண்ணுலயும் உள்ள போயி வெளிய வந்தாத்தான் இறுக்கம் புடிக்கும். இங்க ஒரே கண்ணுல வுட்டு எடுத்துட்டாங்க. அதான் தளர்ச்சி. படத்தைப் பாத்துக் கோத்த கைக்கு இது எப்பிடித் தப்பிச்சுது?

— ஏதோ தப்பிடுச்சு அண்ணி. மாதாவே... கோத்துக் குடுக்கச் சொல்லுங்க.

— ஒண்ணு... ரெண்டு... மூணு... இந்தா, அஞ்சு. தாரை உள்ள வெச்சு, நாடாவைப் போட்டு, தகட்டை மூடியாச்சு. ஓட்டச் சொல்லு.

— ஓட்டுறேன் அண்ணி.

— இப்ப குடு. இழுக்கறேன். பலமா இழுக்கறேன். துணி கிழிஞ்சாலும் கிழியும், தையல் வராது. பாத்துக்க! மேல செவப்பு மட்டும், கீழ வெள்ளை மட்டும். அரிசி வரிசையா வெச்ச மாதிரி ஒண்ணு போல.

— ஆச்சு, மிஷின் பொழச்சுது. வூட்டுக்குப் போலாமா?

— எங்க போறது? மல்லுல எவனும் தெப்பான். பட்டு வழுக்கும். அதுல ஓடினாத்தான் ஓடினதுன்னு அர்த்தம்.

— பட்டா? பட்டுல கத்திரி வெச்சா கை வெளங்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறது நீங்கதான? தறியில இருந்து எறக்கின துணியை முழுசாத்தான் கட்டணும், வெட்டறது பாவம்னு?

— யாரு வெட்டச் சொன்னது? இந்தா, தோள்ல போட்டுகினு வந்தேனே மேல் துண்டு, அதுக்குள்ள மடிச்சு வெச்சது. அந்தம்மாகிட்ட குடு.

— கிளிப்பச்சை! அரக்குக் கரை! ஏங்க, இது பங்குனியில நெய்ஞ்சது இல்ல? வியாபாரிக்கு மாதிரித் துண்டுன்னு சொல்லிகினு மூணு நாளா தறியை வுட்டு எழுந்திருக்காம, கஞ்சி கூட ஆறிப் போவ... அந்தத் துண்டுதான இது?

— ஏதோ ஒரு துண்டு. அளவா நெய்ஞ்சது. கத்திரி தேவையில்லை. ரெண்டு தலைப்பையும் சேத்து ஒரு தையல், மேல மடிச்சு இடுப்புக் கயிறுக்கு ஒரு தையல். பாவாடை ஆச்சு. மிஷின் பட்டுல ஓடுதான்னு பாக்கத்தான்.

— அண்ணி... இது... பட்டை ஒரு கையால புடிச்சுகினு ஒரு கையால சுத்த எனக்கு வராது.

— ஒரு கையால புடிச்சா கோணிக்கும்னு சொல்லு. கைப்பிடியை நான் சுத்தறேன். துணியை மட்டும் புடிச்சு வுடச் சொல்லு. வெரலை ஊசிகிட்ட கொண்டு போவாம. ம், ஆவட்டும்... நேரா... நேரா வருது. பட்டு மேல ஊசி எறங்கற சத்தமே வேற. தண்ணியில நடக்கற மாதிரி... துணியைப் பாக்கச் சொல்லு கெங்கா, எங்கியோ பாக்குது... செல்லீ! கையை எடு!

— அய்யோ, இன்னாச்சு?

— குத்திச்சா? செல்லி, காட்டு. வெரலைக் காட்டு எனக்கு.

— இல்லண்ணா. நகத்துமேல ஒரசிட்டுப் போச்சு. ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமில்லையா? நான் நிறுத்தலைன்னா எலும்புல எறங்கியிருக்கும்! கண்ணு எங்க வெச்சுகினு இருந்தே?

— உன்னைத்தான் பாத்துகினு இருந்தேன்.

— துணியைப் பாக்கச் சொன்னா என்னைப் பாப்பியா?

— ஏழு வருஷம் ஆச்சுண்ணா. நெத்தியோரம் நரை வுழுந்துடுச்சு உனக்கு. தெருவுல போறப்ப தலையைக் குனிஞ்சுகினு போவே, எனக்குத் தெரியவேயில்லை.

— அழாத. பட்டு மேல கண்ணீர் வுழுந்தா கறை புடிக்கும்.

— நீங்க மட்டும் அழலாமா? மேல் துண்டுல தொடைங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— கெங்கா, சும்மா இரு.

— அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இந்தப் பாவாடையை வாங்கிக்க எனக்கு மனசு வரலை. மிஷினுக்கு ஒண்ணுமே ஆவலை. வந்த அன்னிக்கே நல்லாத் தெச்சுது. அஞ்சு கண்ணுல கோத்திருந்த நூலை அவுத்து, ஒரே கண்ணுல வுட்டது நான்தான். திருப்பி அனுப்பறேன்னு இவர் சொன்னதும் பொய்.

— யோசனை என்னுதுங்க. நாடான்னு ஒண்ணு உள்ள கீதுன்னு இது காட்டிச்சு. நாடாவுல கோளாறுன்னா நீங்க வராம இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க.

— திட்ட வேண்டியது விளக்கெண்ணெய்க்கு மட்டும்தான். அது அநியாயம். மத்ததெல்லாம் எனக்கு முன்னமே தெரியும்.

— தெரியுமா? எப்பத்துல இருந்து?

— முந்தாநேத்து காலையில இருந்து.

— யாரு சொன்னது? வாத்தியாரா?

— அவர்கிட்ட நான் பேசறதில்லையே.

— அப்ப யாருண்ணா? இது எனக்கும் அண்ணிக்கும் தவிர யாருக்கும் தெரியாதே. அது போவட்டும், இந்தப் பாவாடை அளவு உனக்கு எப்பிடித் தெரியும்? எம்பொண்ணு இடுப்புல வெச்சு அளந்த மாதிரி கீதே. நீ அவளைக் கிட்டக்கப் பாத்ததே இல்லையே?

— யார் சொன்னா இல்லைன்னு? நீ பூசைக்குப் போற நேரத்துல தெனம் காலையில தெருவைத் தாண்டி வந்து, நான் தறியில குந்திகினு இருக்குற சன்னலாண்ட நிக்குது. சன்னல் கட்டைக்கு நாலு வெரல் கீழ அது தலை. போன வருஷம் ஒரு சாண் கீழ. முந்தாநேத்து கம்பியைப் புடிச்சுகினு அதுதான் சொல்லிட்டுப் போச்சு: "மாமா, எங்கம்மா மிஷினை சும்மானாச்சிக்கும் கெடுத்து வெச்சுகீது. அத்தை வந்து கூப்பிட்டா ஒண்ணும் தெரியாத மாதிரி வா."