வல்லிபுரத்தாரின் முறைப்பாடு

"ஹலோ... ஹலோ! கொழும்பா? உசனாரா கதைக்கிறாய்? ...நான்தான் மச்சான், மட்டக்களப்பு வல்லிபுரம்... ஓம், ஓம், பிரக்கிராசி வல்லிபுரம்தான். வேற எத்தினை வல்லிபுரம் உனக்கு?"

தபால் கந்தோர் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு, கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் கத்திய கத்தல், வெளியே முத்திரை வாங்க நின்றவர்களுக்கும் கேட்டது. உசனார் அவரோடு சட்டம் படித்தவர். இப்போது சுப்ரீம் கோட்டில் உத்தியோகம்.

"முறைப்பாடு வந்து சேந்திட்டா? ...பதிஞ்சும் போட்டியா! நீதான்டா மனிசன். இனி அருமைநாயகம் துலைஞ்சான்... ஆரா? என்ட பழைய கிளாக்கர் மச்சான். விலகிப்போய்க் கோட்டடி வாகை மரத்துக்குக் கீழ மேசை போட்டு ஆக்களுக்கு எழுதிக் குடுக்கிறான். மண்டூராக்கள் தோணியால இறங்கி, என்ட பேர்ப்பலகையக் கிறுகியும் பாக்காம அவனிட்டப் போறானுகள்! உன்னிச்சையாக்கள் கொண்டாற தயிர்முட்டி முந்தி என்ட வாசலுக்கு வரும். இப்ப? ...சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது."

பொய்யில்லை, எரிந்தது. அந்தத் தயிர் இப்போது அருமைநாயகம் வீட்டுச் சோற்றில் விழுகிறது என்று நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"சரி, எப்ப அவனக் கூப்பிட்டு விசாரிப்பாங்க? ...என்ன? ...ஆரை விசாரிக்கலாமெண்டா? ...அட்வகேட்மார்... ஓம். பிரக்கிராசிமார்... ஓம், ஓம். கோட்டுப் பதிவில பேர் உள்ள ஆக்கள்... அப்ப அருமைநாயகம்? ...பதிவில இல்லாதவன இந்த விதியில தொடேலாதா! இதென்னடா சட்டம்? அவன் வழக்கே எழுதிக் குடுக்கிறான்! அத்தாட்சிக்கு அவன் எழுதின தாள் ஒண்டு இணைச்சிருக்கனே... ஓம், அந்த முத்து முத்தான எழுத்துத்தான். பாக்கப் பாக்க எனக்குப் பத்தியெரியும்... கீழயா? கீழ என்ன? ...ஆர்ட கையெழுத்து?"

பிரக்கிராசியார் சுவரில் கையை ஊன்றினார். மண்டூர்த் திருவிழாவுக்குப் போகிற அவசரத்தில், ஒரு கட்டு வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டு அன்றைய கிளாக்கர் அருமைநாயகத்திடம் கொடுத்துவிட்டுப் போனவர் அவரேதான். மிச்சத் தாள்களில்தான் அவன் இன்னும் வழக்கு எழுதுகிறான். பொறாமையில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், தாளின் அடியைப் பார்க்கவில்லை.

"என்ட கையெழுத்துத்தான்... ஓம், பதிவில உள்ள பேரும் என்டதுதான்... அப்ப என்னையா விசாரிப்பாங்க? முறைப்பாடு குடுத்ததே நான்தானே! ...கிழிச்சுப் போடு மச்சான், உன்னக் கும்பிட்டன்... முத்திரை குத்தினதக் கிழிக்கேலாதா... பேர வெட்டுவாங்களா? இருபது வருசப் பேர்டா! ...விளக்கம் எழுதணும், ஓம். நல்லா எழுதினாத் தப்பலாமா? நானே எழுதுறன்... ஏன்? என்ட முறைப்பாட்டில அவ்வளவு பிழையா? ...அப்ப ஆரக் கொண்டு எழுதுவிக்கிற? சொல்லு, ஆரக் கொண்டு?"

பதிலைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துப்போயிற்று. யன்னலால் பார்த்தால் வாகை மரம் தெரிந்தது. மேசைக்கு முன்னால் வரிசையாக ஏழெட்டுப் பேர். மேசைக்குக் கீழே ஒரு தயிர்முட்டி.

"அவனிட்டயா? ...அந்த வரிசையில நானும் போய் நிக்கிறதா? ...ஹலோ? உசனார்... ஹலோ!"